ஏற்றத்தில் இழுக்காத டீசலுக்கு எலக்ட்ரானிக் பூஸ்ட் கன்ட்ரோலர் மருந்தாகுமா?

கேள்வி இதுதான்: "என்னிடம் 1.3 லிட்டர் ஸ்விஃப்ட் டீசல், 75 குதிரைத்திறன் மாடல். கோயம்புத்தூரிலிருந்து குடும்பத்தோடு ஊட்டி போகும்போது குன்னூர் பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரில் வண்டி அப்படியே அமுங்கிவிடுகிறது. 2000 ஆர்பிஎம் தாண்டினால் பறக்கிறது, அதற்குக் கீழே உயிரே இல்லை. ஒரு கடையில் எலக்ட்ரானிக் பூஸ்ட் கன்ட்ரோலர் மாட்டினால் பிக்கப் வந்துவிடும் என்கிறார்கள். இன்னொருவர் டர்போவையே விஜிடிக்கு மாற்றச் சொல்கிறார். எதைச் செய்யலாம்?"

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கன்ட்ரோலர் வாங்க வேண்டாம். உங்கள் வண்டி அமுங்குகிற இடத்தில் அந்தப் பெட்டிக்கு வேலையே இல்லை. விஜிடி (புகை நுழையும் வழியின் அளவு மாறும் டர்போ) யோசனை அதைவிடப் பரவாயில்லை, ஆனால் அதுவும் நீங்கள் நினைக்கிற பலனைத் தராது.

டீசல் எஞ்சினுக்குச் சக்தி தருவது டீசல்தான், பூஸ்ட் (டர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் அழுத்தம்) அல்ல. பெட்ரோல் வண்டியில் உள்ளே போகும் காற்றை அடக்கித்தான் சக்தியைக் குறைக்கிறோம். டீசலில் அந்த அடக்குமுறை கிடையாது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் தெளிக்கிற எரிபொருளின் அளவுதான் கூடுகிறது. அந்த எரிபொருள் முழுதாக எரியக் காற்று வேண்டும். காற்று போதாவிட்டால் கரும்புகை. எவ்வளவு காற்று வந்திருக்கிறதோ அதற்கு மேல் டீசலைத் தெளிக்காதே என்று ஈசியூவுக்குள் (எஞ்சினை ஆளும் கணினி) ஓர் அட்டவணை இருக்கும். ட்யூனிங் செய்பவர்கள் அதைப் புகை வரம்பு என்பார்கள். உங்கள் வண்டியை வளைவில் பிடித்து வைத்திருப்பது அந்த அட்டவணைதான்.

உங்கள் எஞ்சினையே வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1248 சிசி, நான்கு சிலிண்டர், ஆக ஒரு சிலிண்டருக்கு 312 சிசி. பூஸ்ட் இல்லாதபோது, 30 டிகிரி வெயிலில், ஒரு சிலிண்டருக்குள் ஏறத்தாழ 325 மில்லிகிராம் காற்று நுழையும். புகை வராமல் இருக்க ஒரு பங்கு டீசலுக்கு 18 பங்கு காற்று என்று வைத்துக்கொண்டால், ஒரு தெளிப்புக்கு 18 மில்லிகிராம் டீசல்தான் போடலாம். டீசலின் சக்தியில் 40 சதவீதத்தை எஞ்சின் வேலையாக மாற்றுகிறது என்று வைத்தால் அதிலிருந்து கிடைக்கும் டார்க் (சுழற்றும் விசை) சுமார் 100 நியூட்டன் மீட்டர். இப்போது டர்போ முழு வேகத்தில் சுற்றி, வெளிக்காற்றின் 1 பாரையும் சேர்த்து உள்ளே மொத்தம் 2 பார் அழுத்தம் கொடுக்கிறது, இன்டர்கூலர் (அமுக்கிய காற்றைக் குளிர்விப்பது) தாண்டி வரும் காற்று 50 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று 600 மில்லிகிராம் ஆகிவிடும், டீசல் 33 மில்லிகிராம் போடலாம், டார்க் 180ஐத் தாண்டும். நிறுவனம் சொல்லும் 190 நியூட்டன் மீட்டருக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டோம். அந்த 190 வருவது 2000 ஆர்பிஎம்மில்.

ஆக, ஒரே போனட்டுக்குள் நீங்கள் இரண்டு எஞ்சின் வைத்திருக்கிறீர்கள். 2000க்கு மேலே 190 நியூட்டன் மீட்டர் எஞ்சின், டர்போ தூங்கும்போது 100 நியூட்டன் மீட்டர் எஞ்சின். ஐந்து பேர், பின்னால் பெட்டிகள், ஏசி ஓடுகிறது, வளைவில் 1300க்கு இறங்கியாகிவிட்டது. அந்த நிமிடத்தில் உங்களிடம் இருப்பது இரண்டாவது எஞ்சின். மேலே போகப் போக அதுவும் இளைக்கும். ஊட்டியின் உயரம் சுமார் 2240 மீட்டர், அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். குளிர் கொஞ்சம் உதவினாலும் அந்த 100 அங்கே 80 ஆகிவிடும்.

சரி, கன்ட்ரோலர் என்ன செய்கிறது? உங்கள் டர்போ நிலையான வடிவம் கொண்டது. சைலன்சருக்குப் போகும் புகை ஒரு டர்பைனைச் சுற்றுகிறது, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரெசர் காற்றை அமுக்குகிறது. பூஸ்ட் எல்லை மீறினால் புகையின் ஒரு பகுதியை டர்பைனுக்குப் போகவிடாமல் வேறு வழியாக வெளியேற்ற ஒரு சின்னக் கதவு உண்டு, அதுதான் வேஸ்ட்கேட். சாதாரண அமைப்பில் கம்ப்ரெசரிலிருந்து ஒரு ஹோஸ் போய் ஒரு டப்பாவுக்குள் இருக்கும் டயாஃப்ரத்தை (ரப்பர் சவ்வு) தள்ளும், ஸ்பிரிங்கை வென்றதும் கதவு திறக்கும். மூளை எதுவும் கிடையாது.

எலக்ட்ரானிக் கன்ட்ரோலர் அந்த ஹோஸின் நடுவே மின்சாரத்தில் இயங்கும் ஒரு சோலனாய்டு வால்வை வைக்கிறது. வால்வை விநாடிக்குப் பல முறை திறந்து மூடி, டயாஃப்ரத்துக்குப் போகும் அழுத்தத்தில் ஒரு பங்கைக் கசியவிடும். ஸ்பிரிங் 0.6 பாரிலேயே கதவை லேசாகத் திறக்க ஆரம்பிக்கும் என்றால், இந்தக் கசிவால் 1 பார் வரும்வரை கதவை இறுக்கி மூடி வைக்கலாம். இதனால் உண்மையான பலன் இரண்டு உண்டு. டர்போ எழும்பத் தொடங்கிய பிறகு இலக்கை அடையும் நேரம் கொஞ்சம் குறையும். மலையில் வெளிக்காற்று மெலிந்தாலும் உள்ளே போகும் மொத்த அழுத்தத்தைக் குறையாமல் பிடித்து வைக்கலாம். ஸ்பிரிங்குக்கு வெளிக்காற்றோடு ஒப்பிட்ட வித்தியாசம் மட்டும்தான் தெரியும், அதனால் ஊட்டியில் அது தானாகவே குறைந்த மொத்த அழுத்தத்தில் கதவைத் திறந்துவிடும்.

ஆனால் கவனியுங்கள், இரண்டுமே டர்போ எழுந்த பிறகு நடப்பவை. 1300 ஆர்பிஎம்மில் உங்கள் வேஸ்ட்கேட் ஏற்கெனவே இறுக மூடித்தான் இருக்கிறது. மூடிய கதவை இன்னும் எப்படி மூடுவது? அங்கே குறைவது புகையின் ஓட்டம். டர்பைனைச் சுற்றுமளவுக்கு அதில் சக்தி இல்லை. பெட்டியில் எத்தனை விளக்கு எரிந்தாலும் அந்த வறுமை மாறாது.

மேல்கோடியில் பூஸ்டைக் கூட்டினாலும் ஈசியூ டீசலைக் கூட்டாது. அதன் அட்டவணையில் டார்க்குக்கு ஓர் உச்சவரம்பு எழுதியிருக்கிறது. கூடுதல் காற்று உள்ளே போய்ச் சூடாகி வெளியே வரும், கொஞ்சம் புகை குறையலாம், அவ்வளவுதான். அளவு மீறினால் 'பி 0234' என்ற அதிபூஸ்ட் பிழைக்குறியீடு விழுந்து வண்டி லிம்ப் மோடுக்கு (சக்தியைக் குறைத்து ஊர்ந்து போகும் நிலை) போய்விடும்.

இனி விஜிடி. இதில் டர்பைனைச் சுற்றி சின்னச் சின்ன இறகுகள் வட்டமாக நிற்கும். ஆர்பிஎம் குறைவாக இருக்கும்போது இறகுகள் சாய்ந்து இடைவெளியைக் குறுக்கும். தோட்டத்து ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் தண்ணீர் சீறுகிறதே, அதே கதைதான். புகை கொஞ்சமாக இருந்தாலும் வேகமாக வந்து டர்பைனில் மோதும். ஆர்பிஎம் ஏறினால் இறகுகள் விரிந்து வழிவிடும். எலக்ட்ரானிக் பூஸ்ட் கட்டுப்பாடு என்பதற்கு டீசலில் உண்மையான அர்த்தம் கிடைப்பது இங்கேதான், ஏனென்றால் இந்த அமைப்பில் 1300 ஆர்பிஎம்மிலும் கட்டுப்படுத்த ஏதோ ஒன்று இருக்கிறது.

உங்கள் எஞ்சினுக்கே விஜிடி வடிவம் உண்டு. மாருதியின் எஸ்எக்ஸ்4, எர்டிகா, சியாஸ் டீசல்களில் வந்தது அதே 1.3 எஞ்சின்தான், 90 குதிரைத்திறன், 1750 ஆர்பிஎம்மில் 200 நியூட்டன் மீட்டர். காகிதத்தில் 250 ஆர்பிஎம் முன்னதாக வருகிறது. ஓட்டியவர்களைக் கேட்டால் அதிலும் கீழே ஓட்டை இருக்கிறது என்பார்கள். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. விஜிடி தரும் லாபத்தைக் கீழேயும் செலவழிக்கலாம், மேலேயும் செலவழிக்கலாம். 75ஐ 90 ஆக்கியதிலேயே பெரும்பங்கு செலவாகிவிட்டது. அந்த டர்போவை உங்கள் எஞ்சினில் மாட்ட வேண்டுமானால் பைப், ஆக்சுவேட்டர் (இறகை அசைக்கும் கருவி), ஒயரிங், ஈசியூ, அதற்குள் மேப் (அதன் அட்டவணைகள்) எல்லாம் மாற வேண்டும். அந்தக் காசுக்கு வண்டியையே மாற்றிவிடலாம்.

கட்டுப்பாடு நன்றாக அமைந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு மஹிந்திரா எக்ஸ்யூவி500 ஓர் உதாரணம். 2.2 லிட்டர் எஞ்சின் முதலில் 140 குதிரைத்திறன், 330 நியூட்டன் மீட்டர். 2018இல் எலக்ட்ரானிக் ஆக்சுவேட்டர் கொண்ட விஜிடியோடு வந்தபோது 155, 360 ஆனது. ஆனால் டர்போவோடு சேர்த்து எரிபொருள் மேப்பும் மாறியதால் வந்த எண் அது. பூஸ்டை மட்டும் ஏற்றிக் கிடைத்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பழைய விஜிடிகளில் இறகை அசைப்பது வேக்யூம் (வெற்றிடத்தின் உறிஞ்சல்). ஒரு பம்ப் வேக்யூம் கொடுக்கும், சோலனாய்டு அதை அளந்து விடும், டயாஃப்ரம் கம்பியை இழுக்கும். கம்பி உண்மையில் எங்கே நிற்கிறது என்று ஈசியூவுக்குத் தெரியாது. பூஸ்ட் எவ்வளவு வந்தது என்று பார்த்துத்தான் ஊகிக்கும். புதியவற்றில் ஒரு சின்ன மோட்டாரும் அது நிற்கும் இடத்தைச் சொல்லும் சென்சாரும் இருக்கும். வேகம், துல்லியம் இரண்டும் கூடுதல். கெட்டால் செலவும் கூடுதல்.

எங்கள் வீட்டு வண்டி வேக்யூம் வகை. ஒருநாள் மேட்டுப்பாளையம் தாண்டியதும் எஞ்சின் விளக்கு எரிந்தது, சக்தி பாதியாகப் போனது. ஸ்கேனர் காட்டியது 'பி 0299', பூஸ்ட் குறைவு. ஒரு பட்டறையில் டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று ஐந்து இலக்கத்தில் ஒரு தொகையைச் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. எஞ்சினை ஓடவிட்டு ஆக்சுவேட்டர் கம்பியைப் பார்த்தேன், அசையவே இல்லை. ஹோஸைக் கழற்றி விரலை வைத்தேன், உறிஞ்சல் இல்லை. சோலனாய்டு வரைக்கும் தடவிக்கொண்டே போனால், கிளிப்புக்கு அடியில் ரப்பர் வெடித்து, மடக்கினால் மட்டும் தெரிகிற ஒரு கீறல். பென்சில் பருமன்கூட இல்லாத ஹோஸ். இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. அன்றிலிருந்து பூஸ்டைப் பற்றி யார் கேட்டாலும் ஹோஸைத் தொட்டுப் பார்த்தீர்களா என்பதுதான் என் முதல் கேள்வி.

உங்களுக்கும் அதுவே முதல் வேலை. நல்ல ஓபிடி அடாப்டர் (ஈசியூவின் தகவலைப் படிக்கும் கருவி) ஒன்றை வாங்கி போனோடு இணையுங்கள். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு, மேனிஃபோல்டு (எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்) அழுத்தத்தைப் பாருங்கள். கோயம்புத்தூரில் 96, 97 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும், ஊட்டியில் 77 பக்கம் காட்ட வேண்டும். அது சரியென்றால் சென்சார் பொய் சொல்லவில்லை. அப்புறம் ஆளில்லாத நேரான சாலையில் மூன்றாவது கியரில் 1500இலிருந்து முழு மிதி மிதித்து 3500 வரை பதிவு செய்யுங்கள். போனைப் பக்கத்தில் இருப்பவர் பிடிக்கட்டும். அழுத்தம் 2000 பக்கம் குபீரென்று ஏறி அப்படியே நின்றால் டர்போ நலம். சாய்வாக, தயங்கித் தயங்கி ஏறினால் எங்கோ கசிகிறது: இன்டர்கூலர் ஹோஸின் கிளிப், வேஸ்ட்கேட் கதவு சரியாக உட்காமல் இருப்பது, அல்லது டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கேஸ்கெட். ஹோஸ் இணைப்புகளில் எண்ணெய் ஈரத்தோடு தூசு அப்பியிருந்தால் அங்கேதான் காற்று வெளியேறுகிறது. கரி அடைத்த இஜிஆர் வால்வு (புகையில் ஒரு பங்கை மீண்டும் எஞ்சினுக்குள் விடுவது) முழுதாக மூடாமல் இருந்தாலும் கீழே இழுவை செத்துப்போகும், பத்து வருட டீசலில் இது சர்வ சாதாரணம். இவற்றைச் சரிசெய்தாலே உங்கள் 2000 என்பது 1800 ஆகலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் போதவில்லை என்றால் அடுத்த படி ரீமேப், அதாவது ஈசியூவின் அட்டவணைகளை மாற்றி எழுதுவது. பூஸ்ட் இலக்கு, எரிபொருள், புகை வரம்பு, டார்க் வரம்பு நான்கையும் சேர்த்து மாற்றுவதால் அது நேர்மையான வழி. ரயில் பிரஷர் (டீசலைத் தெளிப்பான்களுக்குக் கொடுக்கும் குழாயின் அழுத்தம்) சென்சாரின் சிக்னலைத் திரித்து ஈசியூவை ஏமாற்றும் மலிவான ட்யூனிங் பெட்டிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை காற்றைக் கேட்காமல் டீசலைக் கூட்டுபவை. ரீமேப் செய்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "டர்பைனுக்கு முன்னால் புகையின் வெப்பம் எவ்வளவு போகும்?" தொடர்ந்து 750 டிகிரிக்கு மேல் போவது பிஸ்டனுக்கும் டர்போவுக்கும் நல்லதல்ல. இந்தக் கேள்விக்கு முழிப்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். கூடவே சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி நிறுவனம் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. விபத்து என்று வந்தால் காப்பீட்டுக்காரர் அதைத்தான் முதலில் எடுப்பார்.

அப்படியானால் தனி எலக்ட்ரானிக் பூஸ்ட் கன்ட்ரோலருக்கு டீசலில் இடமே இல்லையா? உண்டு. ஈசியூ இல்லாத பழைய எஞ்சின், மெக்கானிக்கல் பம்ப், அதில் ஒரு விஜிடியைப் பொருத்த ஆசைப்படுபவர்களுக்கு. லாரிப் பட்டறைகளில் மைக்கோ பம்ப் (பழைய மெக்கானிக்கல் டீசல் பம்ப்) தெரிந்தவர்களுக்கு இதன் முன்னோடியும் தெரியும்: டர்போ லாரிகளின் பம்ப் தலையில் ஒரு டயாஃப்ரம், அதற்கு பூஸ்ட் ஹோஸ். பூஸ்ட் வந்தால்தான் டயாஃப்ரம் இறங்கிக் கூடுதல் டீசலை அனுமதிக்கும். இன்றைய புகை வரம்பு அட்டவணையின் வேலையை அந்த ரப்பர் துண்டு செய்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் கம்மின்ஸ் 6.7 லிட்டர் எஞ்சினிலிருந்து கழற்றிய ஹோல்செட் எச்ஈ351விஈ டர்போவைப் பழைய டீசல்களில் மாட்டித் தாங்களே கன்ட்ரோலர் செய்து ஓட்டுகிறவர்கள் நிறைய. அதில் இறகுகள் திரும்பாது, ஒரு வளையம் முன்னும் பின்னும் நகர்ந்து இடைவெளியை மாற்றும்.

அப்படி யாராவது முயன்றால் கட்டாயம் மாட்டிக்கொள்கிற ஓர் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கன்ட்ரோலர் இலக்குக்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து இறகை மூடும். வித்தியாசம் நீண்ட நேரம் நீடித்தால் அதைக் கூட்டிக் கூட்டி வைத்துக்கொண்டு இன்னும் அழுத்தும். 1200 ஆர்பிஎம்மில் முழு மிதி. இலக்கு 1 பார், வந்திருப்பது 0.2. டர்போவால் முடியாது, ஆனால் கன்ட்ரோலர் கணக்கை ஏற்றிக்கொண்டே போகிறது. 1900இல் டர்போ திடீரென்று எழும்போது அந்தப் பழைய கணக்கு முழுவதும் இறகைக் கெட்டியாக மூடி வைத்திருக்கும். 1 பார் கேட்ட இடத்தில் 1.5 பார் குத்திவிட்டுத்தான் இறங்கும். பதிவில் பார்த்தால் கத்தி முனை மாதிரி ஒரு கூம்பு தெரியும். தீர்வு எளிது: இறகு முழுதாக மூடிய நிலையை அடைந்ததும் கூட்டலை நிறுத்து, எந்த ஆர்பிஎம்முக்கு எவ்வளவு மூட வேண்டும் என்ற அடிப்படை அட்டவணையை முதலில் கையால் சரியாக எழுது, திருத்தும் வேலையை மட்டும் கணக்கிடம் விடு. அட்டவணை சரியாக இருந்தால் திருத்தம் கொஞ்சமே தேவைப்படும்.

இன்னொரு அளவியும் மாட்ட வேண்டும், பலர் விட்டுவிடுவது: டர்பைனுக்கு முன்னால் புகையின் அழுத்தம். இறகை அதிகமாக மூடினால் பூஸ்ட் ஏறும், ஆனால் புகை வெளியேற முடியாமல் பின்னால் முட்டும். பூஸ்ட் 1 பார், பின்னழுத்தம் 2 பார் என்றால் எஞ்சின் தன் சக்தியில் ஒரு பங்கைப் புகையைத் தள்ளவே செலவழிக்கிறது. பூஸ்ட் மீட்டரை மட்டும் பார்க்கிறவருக்கு எண் அழகாகத் தெரியும், வண்டி நகராது. மிதியைச் சட்டென்று விட்டால் இறகைத் திறந்துவிட வேண்டும் என்பதும் இதோடு சேர்த்தி, இல்லையென்றால் கம்ப்ரெசருக்குள் காற்று முன்னும் பின்னும் மோதிப் புறா சிறகடிப்பது போல ஒரு சத்தம் வரும். கேட்க ஜோராக இருக்கும், பேரிங்குக்கு ஆகாது.

1300 ஆர்பிஎம் ஓட்டைக்கு நிஜ மருந்து வந்தது 2016இல், ஆடி எஸ்க்யூ7 காரில். டர்போக்களோடு 48 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் ஒரு கம்ப்ரெசரையும் வைத்தார்கள். கால் விநாடியில் 70,000 ஆர்பிஎம்மைத் தொடும், 7 கிலோவாட் வரை இழுக்கும். புகைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 900 நியூட்டன் மீட்டர் 1000 ஆர்பிஎம்மிலேயே கிடைத்தது. இதைப் பார்த்துவிட்டு இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் 12 வோல்ட் 'எலக்ட்ரிக் டர்போ'வை வாங்கிவிடாதீர்கள். உங்கள் எஞ்சினுக்கு 1500 ஆர்பிஎம்மில் அரை பார் பூஸ்ட் கொடுக்க 1.3 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும், 12 வோல்ட்டில் அது 110 ஆம்பியரைத் தாண்டும். அந்தக் காற்றாடியோடு வரும் மெல்லிய ஒயரைப் பார்த்தாலே தெரியும்.

அதுவரை குன்னூர் பாதைக்கு: வளைவுக்கு முன்பே, வேகம் நன்றாகக் குறைந்ததும், கூச்சப்படாமல் முதல் கியருக்கு வாருங்கள். வளைவின் உள்பக்கம் செங்குத்தாக இருக்கும், எதிரே வண்டி இல்லையென்றால் ஹாரன் அடித்துவிட்டுச் சற்று அகலமாக எடுங்கள். முள் 2000க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஏசியை வளைவு முடியும்வரை அணைத்தாலும் அந்த 100 நியூட்டன் மீட்டரில் கொஞ்சம் மிச்சமாகும். அடுத்த வாரம் அந்த மூன்றாவது கியர் பதிவை எடுத்துப் போடுங்கள், எந்த ஹோஸைத் தேட வேண்டும் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.